மோட்டார் வண்டியின் சிற்றுரு அமைத்தலும் வர்ணந் தீட்டலும்

பெரியதொரு பொருளை, அதன் உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள அளவு மாறாவண்ணம் குறுக்கிச் செய்யும் உருவத்தைச் சிற்றுரு என்று இக்கட்டுரையில் வழங்குவோம். பொம்மை வேறு, சிற்றுரு வேறு. பொம்மை வண்டி குழந்தையின் மனத்தை மகிழ்வித்தாற் போதும். நான்கு சக்கரமும் ஒரு கூரையும் இருந்தால் அதற்கு அமையும். சிற்றுருவோ, இஃது இன்ன வண்டி, இன்ன காலத்தது, இன்ன நிலையில் ஓடியது என்று கண்டவுடன் அறியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஆதலின் அதனைச் செய்வோனுக்குக் கைத்திறன் மட்டும் போதாது. கணக்கும், பொருள்களின் இயல்பு பற்றிய அறிவும், அவற்றினும் மேலாக உள்ளதை உள்ளவாறு காணும் கண்ணும் அவனுக்கு வேண்டும்.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவோர் பலர். கல்லூரி மாணவர் மோட்டார் வண்டியைச் சிறிதாகச் செய்து வர்ணம் பூசுவதால் விளையும் பயன் யாதென அவர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூறுவதே எமது நோக்கம். நம் கொங்கு நாட்டிலே ஒருதலைமுறைக் காலம் வீதியெல்லாம் நிறைந்திருந்த ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, அதன் சிற்றுருவை அமைக்கும் முறையைப் படிப்படியாக விளக்குவோம்.

அவ்வண்டி அம்பாசிடர். இங்கிலாந்தில் 1956-ம் ஆண்டில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மூலமாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் வங்காளத்து உத்தரபாராவில் 1957-ம் ஆண்டு முதல் இதனைச் செய்து வந்தனர். 2014-ம் ஆண்டில் அத்தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலத்தில் முகப்புக் கிரில், விளக்கு, எஞ்சின் முதலியன பலமுறை மாறினும், உருண்ட கூரையும் பருத்த மட்கார்டுகளும் கொண்ட அதன் வடிவம் பெரிதும் மாறவில்லை.

கொங்கு நாட்டிற்கும் மோட்டாருக்கும் உள்ள தொடர்பு பழமையானது. ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியதும், அது பின்னர்ப் பெருகியதும் யாவரும் அறிந்தவை. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் பெயரால் விளங்கும் அறநிலையத்தார் 2015-ம் ஆண்டில் திறந்த கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய மோட்டார்களை இன்று நேரிற் காணலாம். அங்கே நிற்பவை காக்கப்பட்டவை. ஆனால், திருப்பூருக்கு நூற்பொதி வியாபாரியை ஏற்றிச் சென்றதும், முகூர்த்த நாளில் மணமக்களைச் சுமந்ததும், நள்ளிரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு விரைந்ததும் ஆகிய வாடகை அம்பாசிடர்களைக் காப்பார் யார்? அவை இரும்புக் கடைக்குச் சென்று உருகி மறைகின்றன. வண்டி முழுவதையும் வீட்டில் வைத்துக் காத்தல் எல்லார்க்கும் இயலாது. அதன் சிற்றுருவைக் காத்தல் எவர்க்கும் இயலும்.

புகைப்படம் இருக்கின்றதே, அது போதாதோ எனின், போதாது. புகைப்படம் ஒரு கணத்தில் ஒரு பக்கத்தைக் காட்டுவது. சிற்றுருவோ எல்லாப் பக்கத்தையும் காட்டும். அன்றியும், படம் எடுப்பவன் வண்டியை நோக்காமலே எடுத்துவிடலாம். சிற்றுரு செய்பவன் நோக்காமல் ஓர் அங்குலமும் செய்ய இயலாது.

முன்னோர் கண்ட வழிகள்

சிறிதாகச் செய்து பார்த்துப் பின் பெரிதாகச் செய்தல் மோட்டார்த் தொழிலுக்கே உரிய பழக்கம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் 1927-ம் ஆண்டில் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் வடிவமைப்புப் பிரிவு ஏற்பட்டபொழுது, களிமண்ணால் வண்டியின் உருவை வனைந்து பார்க்கும் முறை அங்கே வேரூன்றியது. அதே கம்பெனியைச் சார்ந்த பிஷர் பாடி நிறுவனத்தார் 1930-ம் ஆண்டு முதல் 1968-ம் ஆண்டு வரை இளைஞர்க்கெனச் சிற்றுருப் போட்டி ஒன்றை நடத்திவந்தனர். முதலில் நெப்போலியன் காலத்து அரசரதத்தின் சிற்றுருவைச் செய்யுமாறு பணித்தனர். பின்னர் மாணவர் தாமே கற்பனை செய்த மோட்டார் வண்டியைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யுமாறு பணித்தனர். வென்றோர்க்குக் கிடைத்த பரிசு பல்கலைக்கழகப் படிப்பிற்கான உதவித்தொகை. அப்போட்டியிற் கைபழகிய பலர் பிற்காலத்தில் மோட்டார் வடிவமைப்பாளராயினர். கையால் ஒரு வண்டியைச் செய்து முடித்தவன் கல்வி கற்கத் தகுதியுடையவன் என்று ஒரு பெருந்தொழில் நிறுவனம் கருதிய செய்தி, கல்லூரியில் உள்ள நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்கலைக்கு வேண்டிய அறிவைத் தேடி நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. நம் கோவை நகரின் வார்ப்படச் சாலைகளிலேயே அது நிறைந்துள்ளது. பம்பு முதலிய எந்திரங்களின் உறுப்புக்களை வார்ப்பதற்கு முன், மரத்தால் அவற்றின் உருவைச் செய்யும் பேட்டர்ன் தச்சர் அங்கே உளர். உருகிய உலோகம் ஆறும்பொழுது சுருங்கும் என்பதை அவர் அறிவர். ஆதலின் வார்ப்பிரும்பாயின் அடிக்குச் சுமார் 1/8 அங்குலமும், பித்தளையாயின் சுமார் 3/16 அங்குலமும் கூட்டியே மரத்தை அறுப்பர். அதற்கெனவே கோடுகள் சற்று விரித்து வரையப்பட்ட தனி அளவுகோலை வைத்துள்ளனர். அவர் கையில் உள்ள மர உரு, பிறக்கப்போகும் உறுப்பைவிடச் சிறிது பெரியது. நாம் செய்யப்போகும் உரு, இருக்கின்ற வண்டியைவிட மிகச் சிறியது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: எவ்வளவு மாற்றுகிறோம் என்பதை அறிந்து, அவ்வளவே மாற்றுதல்.

அளவு விகிதம்

முதற்கண் முடிவு செய்யவேண்டியது விகிதம். 1:43 என்பது ரயில் சிற்றுருக்காரர் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கொண்ட கணக்கிலிருந்து வந்தது. கண்ணாடி அலமாரியில் பல வண்டிகளை அடுக்க அது ஏற்றது. 1:18 பெரியது, கதவு திறத்தல், எஞ்சின் காட்டல் முதலியவற்றிற்கு இடந்தரும். முதன்முறை செய்வோர்க்கு யாம் பரிந்துரைப்பது 1:24 என்பதாம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பதே அதன் பொருளாகலின், அடிக்கணக்கிலும் மனத்தாலேயே கணக்கிடலாம்.

அம்பாசிடரின் நீளம் சுமார் 4,325 மில்லிமீட்டர். அகலம் சுமார் 1,662 மில்லிமீட்டர். முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடைத்தூரம் 2,464 மில்லிமீட்டர். இவற்றை 24 ஆல் வகுத்தால் முறையே 180, 69, 103 மில்லிமீட்டர் அளவில் வரும். சக்கரத்தின் ரிம் 15 அங்குல விட்டம். அது சிற்றுருவில் 16 மில்லிமீட்டர் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் இவ்வுருவில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால், மெய்யான வண்டியில் அது 24 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலப் பிழை. கூரை ஓர் அங்குலம் தாழ்ந்த அம்பாசிடரை அதனை ஓட்டிப் பழகியவர் எவரும் அம்பாசிடர் என்று ஒப்பார். முதற்கோணல் முற்றுங்கோணல் என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்தும்.

அளந்தெடுத்தல்

அச்சிட்ட அளவுகள் வண்டியின் எல்லையை மட்டும் கூறும், வளைவுகளைக் கூறா. ஆதலின் நிற்கும் வண்டி ஒன்றைக் கண்டு உரியவரின் அனுமதி பெற்று அளத்தல் நலம். வண்டியைச் சமதரையில் நிறுத்துக. நூலிற் கட்டிய தூக்குக்குண்டை முன் பம்பர், பானெட்டின் முனை, கண்ணாடியின் அடி, கூரையின் உச்சி, டிக்கியின் விளிம்பு ஆகிய இடங்களிலிருந்து தொங்கவிட்டு, குண்டு தொடும் இடத்தைத் தரையிற் சுண்ணக்கட்டியாற் குறிக்க. அக்குறிகளின் இடைவெளி நீளத்தைத் தரும்; நூலின் நீளம் உயரத்தைத் தரும். இங்ஙனம் இருபது இடங்களிற் குறித்தால், பக்கத்தோற்றத்தின் வளைகோடு முழுவதும் தாளில் வந்துவிடும். முன்னும் பின்னும் இவ்வாறே செய்து, குறுக்கு வளைவுகளையும் எடுக்கலாம்.

புகைப்படம் எடுப்பின் வண்டிக்கு அருகில் நின்று எடுத்தலாகாது. அருகில் உள்ள பகுதி பெருத்தும், தொலைவில் உள்ள பகுதி சிறுத்தும் தோன்றும்; அப்படத்தை நம்பிச் செய்த உரு மூக்கு வீங்கியதாய் முடியும். இருபது முப்பது அடி விலகி நின்று, வண்டியின் நடுவுயரத்தில் கேமராவை வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி எடுத்தால் படம் கணக்கிற்குப் பயன்படும்.

உடலை அமைத்தல்

இக்காலத்தில் பிளாஸ்டிக் உறுப்புக்கள் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. கணிப்பொறியில் வரைந்து முப்பரிமாண அச்சு எந்திரத்தில் உருவை எடுப்போரும் உளர். அவற்றை யாம் இகழவில்லை. எனினும் எந்திரமும் வரைந்ததையே செய்யும். வரைபவன் அளக்கவில்லையாயின் அதன் நுட்பம் பிழையையே நுட்பமாகக் காட்டும். மரத்தாற் செய்யும் முறை கற்பதற்கு ஏற்றது, செலவும் குறைவு.

மரம் மென்மையும் நுண்ணிய இழையும் உடையதாய், நன்கு உலர்ந்ததாய் இருத்தல் வேண்டும். தேக்கின் இழை பரும்படியாகலின் சிற்றுருவில் வர்ணத்தின் வழியே அதன் வரைகள் தோன்றிவிடும். சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர் கடையும் வெட்பாலை மரம் இதற்கு மிகவும் உகந்தது. அது நம் பகுதிக் காடுகளிலும் வளர்வது. குமிழும் நன்று.

190 மில்லிமீட்டர் நீளமுள்ள கட்டை ஒன்றை நாற்புறமும் இழைத்துச் செங்கோணமாக்குக. பக்கத்தோற்றத்தைத் தாளில் வரைந்து கட்டையின் இருபக்கமும் ஒட்டி, முதலில் அக்கோட்டின்படி அறுக்க. பின்னர் மேற்தோற்றத்தை ஒட்டி அறுக்க. இப்பொழுது கட்டை கோணம் கோணமான அம்பாசிடராய் நிற்கும். இனி உருட்ட வேண்டும். குறுக்கு வளைவுகளைத் தடித்த அட்டையில் எதிருருவாக வெட்டி வைத்துக்கொண்டு, உளியாலும் அரத்தாலும் சிறிது சிறிதாகக் குறைத்து, அட்டை எங்கும் வெளிச்சம் தெரியாமற் படியும்வரை செல்க. வலப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு இடப்பக்கம் தொடங்குதல் கூடாது. இருபக்கமும் ஒருசேர வளர்ந்தால்தான் ஒத்திருக்கும்.

சன்னல் திறப்புக்களைத் துளைத்து உட்புறத்தைக் குடைந்தெடுத்தபின், மெல்லிய பாலிஸ்டைரின் தகட்டால் இருக்கைகளையும் தளத்தையும் செய்து பொருத்தலாம். முன்னிருக்கை ஒரே நீண்ட பலகையாய் இருந்த வண்டிகளும், இரண்டாய்ப் பிரிந்த வண்டிகளும் உண்டு. எது நம் வண்டி என்பதை முன்னரே அறிந்துகொள்க. சக்கரங்களைக் கடைவதற்கு நம் நகரில் தெருவுக்குத் தெரு லேத்துப் பட்டறை உண்டு. பம்பர், கதவுப் பிடி முதலிய பளபளப்பான உறுப்புக்களுக்கு வெள்ளி வர்ணம் ஒருபொழுதும் குரோமியமாகத் தோன்றாது. மெல்லிய உலோகத் தாளைப் பசையிட்டு ஒட்டி, பருத்திக் குச்சியால் அழுத்தித் தேய்த்தலே நன்று.

விகிதத்திற்கு அடங்காதவை

இதுவரை கூறியது வகுத்தற் கணக்கு. இனிக் கூறுவது அக்கணக்கு எங்கே நின்றுவிடுகிறது என்பது. இதுவே இக்கலையின் நுட்பமான பகுதி.

முதலாவது எடை. நீளம் 24-ல் ஒரு பங்காயின், எடை 24-ஐ மும்முறை பெருக்கிய 13,824-ல் ஒரு பங்காக வேண்டும். 1,100 கிலோ எடையுள்ள வண்டிக்குச் சிற்றுரு 80 கிராம் மட்டுமே. அத்துணை இலேசான பொருள் கையில் எடுப்போர்க்கு வண்டியாகவே தோன்றாது. ஆகவே எடையில் நாம் விகிதத்தைக் கைவிடுகிறோம்.

இரண்டாவது வர்ணத்தின் கனம். மெய்யான வண்டியின்மேல் உள்ள வர்ணப் படைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமிருக்கும். அதே கனத்தைச் சிற்றுருவிற் பூசினால், அது மெய்வண்டியின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் கனத்திற்கு வர்ணத்தை அப்பியது போலாம். கதவிற்கும் உடலிற்கும் உள்ள ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி சிற்றுருவில் 0.2 மில்லிமீட்டர்தான், தடித்த வர்ணம் அதனை மூடிவிடும். எனவே கோடுகளைக் கணக்கினும் சற்று ஆழமாகக் கீறுதலும், வர்ணத்தை இயன்றவரை மெல்லியதாகப் பூசுதலும் முறை.

மூன்றாவது நிறம். மெய்வண்டிக்குப் பூசிய அதே டப்பாவிலிருந்து எடுத்துச் சிற்றுருவிற்குப் பூசினால், அது ஒப்பாகத் தோன்றும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிறிய பரப்பிற் காணும் நிறம் பெரிய பரப்பிற் காண்பதினும் இருண்டு தோன்றும். அன்றியும், சிற்றுருவை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, மெய்வண்டியை முப்பத்தைந்து அடிக்கு மேல் விலகி நின்று பார்ப்பதற்கு ஒக்கும். இடையிலுள்ள காற்றும் தூசியும் நிறத்தைச் சற்று வெளிறச் செய்யும். எனவே கரிய நிறத்தில் சிறிது சாம்பலும், செந்நிறத்தில் சிறிது வெண்மையும் கலத்தல் வழக்கம். அம்பாசிடரின் வெண்மைக்குத் தூய வெள்ளை ஆகாது. அது சுண்ணாம்பு பூசியதுபோல் கண்ணைக் கூசச்செய்யும். ஒரு துளி மஞ்சளும் அதனினும் குறைவான கறுப்பும் சேர்த்தால், வெயிலில் நின்ற வண்டியின் வெண்மை வரும்.

இம்மூன்றிலும் நாம் அளவை மீறுவது மனம்போன போக்கில் அன்று. அளவு முழுவதையும் அறிந்தவனே எங்கே அதனை விடலாம் என்பதை அறிவான்.

வர்ணந் தீட்டல்

மோட்டார் வண்டிக்கு வர்ணம் பூசுதல் ஒருகாலத்தில் வாரக்கணக்கில் நடந்த வேலை. எண்ணெய் வார்னிஷ் ஒரு படை உலர்ந்தபின் மறுபடை பூச வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் 1923-ம் ஆண்டில் வெளியிட்ட டூக்கோ என்னும் விரைந்துலரும் லாக்கர் அந்நிலையை மாற்றியது; நிறங்களும் பெருகின. சிற்றுருவிற் பூசுவோரும் லாக்கர், எனாமல், அக்ரிலிக் என்னும் மூவகையில் ஒன்றை இன்று தேர்ந்துகொள்கின்றனர். எனாமலின் மேல் லாக்கரை அடித்தால் அதிலுள்ள கடுமையான கரைப்பான் கீழ்ப்படையை அரித்துச் சுருங்கச் செய்யும். லாக்கரின் மேல் எனாமலைப் பூசினால் அத்தீங்கு இல்லை. புதியவர்க்கு நீரிற் கரையும் அக்ரிலிக் எளிது.

டிங்கர் பட்டறையிற் செய்யும் முறையே இங்கும் முறை. முதலில் மரத்தின் துளைகளை அடைக்க மெல்லிய சீலர் இரண்டு படை. பின்னர்ப் பள்ளம் உள்ள இடங்களிற் பட்டி பார்த்து, 400-ம் எண் வாட்டர் பேப்பரால் தேய்த்தல். அதன்மேற் சாம்பல் நிறப் பிரைமர். பிரைமர் பூசியவுடன் முன்பு கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் மேடுபள்ளங்களும் வெளிப்படும். அவற்றைக் கண்டு மனம் சோர்தல் வேண்டா; அவற்றைக் காட்டுவதற்காகவே பிரைமர் பூசுகிறோம். மீண்டும் பட்டி, மீண்டும் தேய்ப்பு, மீண்டும் பிரைமர். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தபின், 1000-ம் எண் தாளால் நீர்விட்டுத் தேய்த்து, சோப்பு நீரிற் கழுவி உலர்த்துக. அதன்பின் வெறுங்கையால் தொடற்க. விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் வர்ணம் பற்றாது.

வர்ணத்தைப் பால் பதத்திற்கு நீர்க்கச் செய்து, ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையால் ஆறு அங்குலத் தூரத்திலிருந்து அடிக்க. முதற்படை மூடுபனிபோற் படிந்தாற் போதும். அடிநிறம் தெரிவதைப் பொருட்படுத்தற்க. ஒரே படையில் நிறத்தை நிரப்ப முயன்றால் வர்ணம் வழிந்து திரளும். நான்கைந்து மெல்லிய படைகளில் நிறம் நிரம்பும். தூரிகையை உருவின்மேல் வந்தபின் திறந்து, உருவின்மேலேயே நிறுத்துதல் தவறு. உருவிற்கு வெளியே திறந்து, அதனைக் கடந்து சென்றபின் மூடுக. பதறாத காரியம் சிதறாது.

காலமும் இடமும் இதில் மிக முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நம் ஊரில் ஓயாது வீசும். அக்காற்றின் ஈரத்தில் லாக்கரை அடித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாகும்பொழுது பரப்புக் குளிர்ந்து, காற்றின் நீராவி அதன்மேற் படிந்து வெண்பூத்துவிடும். பங்குனி சித்திரை வெயிலிலோ வர்ணத்துளி உருவை அடையுமுன்னரே உலர்ந்து, சொரசொரப்பாய்ப் படியும். தை மாசி மாதங்களின் முற்பகல் வேளை மிக நன்று. தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கியபின் வேலையைத் தொடங்குக. பூசியவுடன் ஒரு பாத்திரத்தாற் கவிழ்த்து மூடுக. சன்னலைத் திறந்துவைத்தலும், மூக்கிற்கு உரிய முகமூடி அணிதலும், நெருப்பை அருகிற் கொணராதிருத்தலும் எக்காலத்தும் தவறாது கைக்கொள்ளத் தக்கவை.

தனிவண்டியாக்கல்

இதுகாறும் செய்தது ஓர் அம்பாசிடர். இனி அதனை நாம் அறிந்த அந்த அம்பாசிடராக்க வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபொழுது வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கொங்கு நாட்டின் சாலைகளில் பத்தாண்டு ஓடியபின் ஒன்றுபோல் மற்றொன்று இருந்ததில்லை. ஒன்றின் கூரைமேல் கேரியர். மற்றொன்றின் சன்னலில் சுருக்கிட்ட திரை. ஒன்று பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டியது. ஒன்றின் பின்புறக் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர். மற்றொன்றில் ஒரு வேதவசனம். ஆயுத பூசைக்கு இட்ட சந்தனப் பொட்டின் கறை பானெட்டில் நின்றுவிட்டது ஒன்று. தென்னந்தோப்பில் நின்று மட்டை விழுந்து கூரை நெளிந்தது மற்றொன்று. இவ்வேறுபாடுகளே அவ்வண்டியின் வரலாறு. அவற்றை விட்டுவிட்டுப் புதுவண்டிபோல் பளபளக்கச் செய்வது, பெரியவர் ஒருவரின் உருவத்தை எழுதுங்கால் அவர் முகத்தின் சுருக்கங்களை அழித்துவிடுவதை ஒக்கும்.

செம்மண் படிந்த தோற்றத்தை வர்ணத்தாற் காட்டுவதினும், பல்லடம் பக்கத்துச் சாலையோர மண்ணையே நன்றாகச் சலித்து, சிறிது பளபளப்பற்ற வார்னிஷிற் கலந்து, சக்கரத்தின் பின்புறம் மட்டும் இலேசாகத் தூவுதல் சிறந்தது. மண் எங்கே தெறிக்கும், மழைநீர் எவ்வழி வழியும், கைபட்டுப் பட்டு எவ்விடம் தேயும் என்று எண்ணிப் பார்த்தே செய்க. காரணமின்றி வைத்த ஒரு கறையும் பொய்.

மாற்றங்களைச் செய்வதில் ஒரு விதியை யாம் வற்புறுத்துவோம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் படமோ, கண்டவர் சொல்லோ, கையில் உள்ள பழைய உறுப்போ ஆதாரமாதல் வேண்டும். இவ்வண்டி இப்படி இருந்திருந்தால் அழகாயிருக்குமே என்று தோன்றிச் செய்வதும் ஒரு கலைதான். அதனை யாம் தடுக்கவில்லை. ஆனால் அது கற்பனை என்று அடிப்பலகையில் எழுதிவைத்தல் கடமை. நினைவையும் விருப்பத்தையும் வேறுபடுத்திக் காட்டாத சிற்றுரு, பின்னர்க் காண்பாரை ஏமாற்றும். விகிதம், மூலவண்டியின் ஆண்டு, அளந்த இடம், அளந்த நாள், ஆதாரம், செய்தவர் பெயர் ஆகியவற்றை அடியில் எழுதி முடித்தபின்னரே வேலை முடிந்ததாகக் கொள்க.

பயன்

யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கென அழைக்கப்பட்ட பெசலெயேலை நம் கல்லூரியினர் யாவரும் அறிவர். பொன்னிலும் மரத்திலும் கல்லிலும் வேலை செய்யும் அவனது திறமையைத் தேவ ஆவியால் வந்த ஞானமென்றே அந்நூல் பேசுகின்றது. கைத்தொழிலும் அறிவும் வேறுவேறு வீட்டுப் பிள்ளைகள் என்று பிரித்துவைத்தது பிற்காலத்துப் பழக்கமே. புத்தகத்தில் விகிதக் கணக்கைக் கற்று, பரீட்சையில் எழுதி, பின் மறந்துவிடும் மாணவன், ஓர் அம்பாசிடரின் கூரைவளைவை அட்டைக்கு ஒப்பத் தேய்த்தபின் அக்கணக்கை மறவான். பேட்டர்ன் தச்சரிடம் சென்று மரத்தைப் பற்றிக் கேட்டவன், அவரைக் கூலிக்காரர் என்று இனி எண்ணான். தன் ஆசிரியருள் ஒருவராக எண்ணுவான்.

ஆகவே ஒன்று வேண்டுகிறோம். நம் கல்லூரியில் கண்ணாடி அலமாரி ஒன்றை இதற்கென ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் ஊருக்குச் செல்லுங்கால், அங்கே கொட்டகையில் நிற்கும் பழைய வண்டி ஒன்றை, அம்பாசிடரோ, டிராக்டரோ, ரேக்ளா வண்டியோ எதுவாயினும், அளந்து வரலாம். அதனை ஓட்டியவர் உயிரோடிருப்பின் அவரிடம் கேட்டு எழுதிவரலாம். பழைய மாணவர்களுட் பட்டறையும் ஆலையும் நடத்துவோர் பலர். மரமும் லேத்தும் தந்து உதவுதல் அவர்க்கு அரிதன்று. ஆண்டிற்கு நான்கு சிற்றுருக்கள் சேர்ந்தாலும், பத்தாண்டில் கொங்கு நாட்டுச் சாலையின் வரலாறு நாற்பது உருவங்களில் நம் கல்லூரியில் நிற்கும்.

இரும்புக் கடைக்குச் செல்லும் வண்டி நமக்காகக் காத்திராது. வருகின்ற விடுமுறையிலேயே அளவுநாடாவும் தூக்குக்குண்டும் ஒரு குறிப்புப் புத்தகமும் கொண்டு புறப்படுவோமாக.